அறுபது

பன்னிரண்டு பெட்டிகள்.
ஏழு பிழைத்தன.
மீதி ஐந்தும் அதே முகத்தோடு
'நிறுவல் முடிந்தது' என்று சொல்லிவிட்டு
உள்ளே ஒன்றுமில்லாமல் எழுந்து நிற்கின்றன.

புதுவயல் அரிசி ஆலை, எடைமேடை அறை.
இரவு ஒன்றேகால்.
அவியும் நெல்லின் வாடை சட்டைக்குள் போய்விட்டது.
விசைப்பலகையெங்கும் தவிட்டுத் தூள்,
எந்தப் பொத்தானைத் தொட்டாலும் என் ரேகை.
கணக்கர் அடைக்கலவன்
மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்:
"ஆறு மணிக்குத் திருவாடானை லாரி வந்துரும்.
எடை போட முடியுமா?"
முடியும் என்று
மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது,
அதுதான் கொடுமை.
தானாக நிறுவும்போது
கடைசி ஸ்க்ரிப்டில் வழுக்கி விழுவது
நான் உட்கார்ந்து அதே வரிகளைத் தட்டினால்
சென்னை சர்வரிலிருந்து எடை மென்பொருளை இறக்கி
பிரிண்டரைச் சேர்த்து
கைகட்டி நிற்கிறது.

எலி கடித்த வயர் என்று நினைத்தேன். மாற்றினேன்.
சுவிட்சையும் மாற்றினேன்.
சென்னையில் தூங்கிக்கொண்டிருந்த உமையாளை எழுப்பி
அவள் சர்வரைச் சந்தேகப்பட்டேன்.
கொட்டாவிக்கு நடுவே கேட்டாள்:
"லாக் என்ன சொல்லுது?"

லாக் ஒன்றும் சொல்லாது.
அதை எழுதுவது தற்காலிக நினைவில்;
ரீபூட் ஆனதும்
ஈரத்துணி பட்ட சிலேட்டு.
அதோடு,
இறக்கும் கட்டளைக்குப் பக்கத்தில்
ஒற்றை எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.
'சத்தம் போடாதே' என்று அதற்கு அர்த்தம்.
போன மாதம் நான் போட்டது.
திரை சுத்தமாக இருக்கட்டுமே என்று.

ஒன்பதாம் பெட்டியைத் துடைத்து மறுபடி நிறுவினேன்.
கட்டளைக்கு முன்னால்
ஒரு மணி நேரம் தூங்கு என்று எழுதிவைத்தேன்.
தூங்கியது.
இரண்டாம் திரைக்குத் தாவினேன்.
பால் காய்ச்சாத வீடு:
சுவர் உண்டு, கூரை உண்டு,
மின்சாரம் மட்டும் பக்கத்து வீட்டு இரவல்,
பென் டிரைவிலிருந்து வந்த கர்னல்.
அந்த நிலையில் வைத்தே,
ஒற்றை எழுத்தை அழித்துவிட்டு,
கேட்டேன்.

அறுபது என்றது.

பிழை எண் அறுபது:
இந்தச் சான்றிதழ்
செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை.

இன்னுமா?
தேதியைக் கேட்டேன்.
2010, ஜனவரி ஒன்று.

"அது விரோதி வருசம்" என்றார் அடைக்கலவன்
விரல் மடக்கி.
"மார்கழி பதினேழு.
அறுபதுல அது இருபத்திமூணாவது.
அப்ப இந்த இடம் வெறும் பொட்டல்."
அவர் தலைக்குமேல் தேதித்தாள்
விசுவாவசு, ஐப்பசி பத்தொன்பது.
அதுவும் நேற்றையது,
இன்னும் கிழிக்கவில்லை.

ஐந்து போர்டிலும் பொட்டு பேட்டரி செத்திருக்கிறது.
கரண்ட் போனால் விரோதிக்குத் திரும்புகின்றன.
முழுதாக எழுந்தபின்
நேரச் சேவை மணியைத் திருத்திவிடுகிறது,
நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள்.
நான் பார்த்ததெல்லாம்
திருத்திய பெட்டியை.

ஸ்க்ரிப்டின் தலையில் ஒரு வரி:
முதலில் மணி கேள்,
கையெழுத்துப் பார்க்காத பழைய வழியில் கேள்,
பிறகு மற்ற வேலை.
லாக்கை வட்டிலேயே எழுது.
சத்தம் போடு.

நாலு பத்துக்கு நான்கு எழுந்தன.
மூன்றாம் பெட்டி மறுபடி விழுந்தது.
ஆனால் இப்போது
திரை முழுக்கக் கத்துகிறது:
பிரிண்டர் இல்லை, பிரிண்டர் இல்லை.
மேசைக்கடியில் குனிந்தேன்.
பிளக் தரையில் கிடந்தது.

அடைக்கலவன் நேற்றைக் கிழித்தார்.
அதன் முதுகில் எழுதினார்:
பொட்டு பேட்டரி ஐந்து,
காரைக்குடி வாட்ச் கடை.
"ஏழா வாங்கிரவா?" என்றேன்.
யோசித்து ஏழாக்கினார்.
"பில்லு வேணும்" என்றார்.
"தேதி சரியா இருக்கணும்."

வெளியே, சாலைத் திருப்பத்தில்
ஏதோ ஒரு லாரி
கியர் மாற்றும் சத்தம்.